படித்தவர் உள்ளம்

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் என்னும் நாட்டுப்புறத்தில், சாட்டன் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1809ஆம் ஆண்டு முதல் தம் அன்னையுடனும் தமக்கையுடனும் வாழ்ந்து வந்தவர் ஜேன் ஆஸ்டின் அம்மையார். ஆங்கில நாவலாசிரியருள் தலைசிறந்தவர் என்று இன்று போற்றப்படும் அவர், தம் நூல்களின் முகப்பில் தம் பெயரைப் பொறித்தாரல்லர். 1811இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில், 'ஒரு பெண்மணி எழுதியது' என்ற குறிப்பு மட்டுமே காணப்பட்டது.

1813ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் இறுதியில் அவருடைய இரண்டாம் நாவல் அச்சாகி லண்டனிலிருந்து வந்து சேர்ந்தது. 'செருக்கும் தப்பெண்ணமும்' என்று பொருள்படும் தலைப்புடையது அந்நாவல். அன்று மாலை அண்டை வீட்டு மாது ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். புதிய நாவல் ஒன்று வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி, முதற் பகுதியில் பாதியை அவருக்குப் படித்துக் காட்டினர். அதனை எழுதியவர் தம் எதிரிலேயே அமர்ந்திருக்கிறார் என்பதை அம்மாது அறியார். அவர் கதைத் தலைவியாகிய எலிசபெத்தைக் கண்டு மகிழ்ந்து சிரித்தார். அம்மகிழ்ச்சியை ஜேன் அம்மையார் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் போலும்! வெளியூர் சென்றிருந்த தமக்கைக்கு அதனை உடனே கடிதத்தில் எழுதினார். அன்னையார் கதையை விரைந்து விரைந்து படித்ததால் சுவை குன்றியது என்ற குறையையும் அடுத்த கடிதத்தில் எழுத அவர் தவறவில்லை.

படித்தவர் என்ன சொல்கின்றனர் என்று அறியும் அந்த ஆவல் அவரிடம் நாளடைவில் வளர்ந்தது. 1814இல் 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' வெளிவந்தபோதும், 1815இன் இறுதியில் 'எம்மா' வெளிவந்தபோதும், உற்றாரும் உறவினரும் அறிமுகமானவரும் சொன்ன கருத்துகளை எல்லாம் தம் கையாலேயே தாள்களில் தொகுத்து எழுதி வைத்தார். அத்தாள்கள் அழியாமல் இன்றும் உள்ளன.

அவற்றைப் படிப்பதே ஒரு நாவலைப் படிப்பது போன்றது. பெற்ற தாயே 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' முந்திய நாவலின் அளவுக்குத் தமக்குப் பிடிக்கவில்லை என்றும், கதைத் தலைவி சாரமற்றவள் என்றும் சொல்லியிருக்கிறார். தமக்கையாருக்கோ அதே தலைவியிடம் அன்பு. மற்றோர் அம்மையார், முதல் இரண்டு நாவல்களும் வெறும் பிதற்றல் என்று துணிந்தவர். மூன்றாவதன் முதற் பகுதியை முடித்ததும், மிகவும் துன்பமான பகுதியைக் கடந்துவிட்டோம் என்று தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொண்டாராம். 'எம்மா' சலிப்பூட்டும் நூல் என்று பிறர் சொல்லக் கேட்ட ஒருவர், அதன் முதல் அதிகாரத்தையும் இறுதி அதிகாரத்தையும் மட்டும் படித்து நிறுத்திக்கொண்டார். (இத்தகைய படிப்பாளிகள் எக்காலத்திலும் உளர், பெரும்பாலும் தேர்வுக்கு முதல் நாள் காணப்படுவர்.) அதே நூல், 'எடின்பரோ ரிவ்யூ' என்னும் புகழ்பெற்ற இதழின் ஆசிரியரான ஜெஃப்ரி என்பாரை மூன்று இரவுகள் உறங்கவிடாமல் விழித்திருக்கச் செய்தது. இன்னொருவருக்கு அந்நூல் சிறிதும் பிடிக்காமற் போகவே, அவருடைய கருத்தை எழுதி அனுப்ப உறவுப் பெண்ணுக்கு மனம் வரவில்லை. அச்செய்தியையும் ஜேன் அம்மையார் விடாமல் குறித்துக்கொண்டார்.

அத்தாள்களில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. புகழ்ச்சிக்கு நன்றியோ, இகழ்ச்சிக்கு மறுப்போ அவற்றுள் ஓரிடத்தும் இல்லை. இன்னார் இன்னது சொன்னார் என்ற அளவோடு ஒவ்வொரு குறிப்பும் முடிகிறது. மறுமொழி கூற வல்ல நாவன்மை அவருக்குக் குறைவன்று. ஆயினும் படித்தவர் தம் உள்ளத்தில் பட்டதைச் சொன்னால் அஃது அவருடைய உடைமை என்று விட்டுவிட்டார் என்றே கொள்ளவேண்டும். 1817ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தம் நாற்பத்தொன்றாம் வயதில், அவர் காலமானார்.

அவர் மறைந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றபின், 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஸ்காத்லாந்தில் ஒரு பெரியவர் 'செருக்கும் தப்பெண்ணமும்' என்னும் நாவலை மீண்டும் எடுத்துப் படித்தார். அவருக்கு அது குறைந்தது மூன்றாம் முறை. அவரே சர் வால்டர் ஸ்காட்டு. மன்னரையும் மறவரையும் போர்க்களங்களையும் வைத்துப் பெருங்கதைகள் புனைந்து ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றவர் அவர். அவ்வாண்டு ஜனவரியில்தான் அவரோடு தொடர்புடைய பதிப்பகமும் அச்சகமும் முறிந்து, தாங்கொணாக் கடன் அவர் தலைமேல் விழுந்திருந்தது. எழுதி எழுதியே அக்கடனைத் தீர்ப்பது என்று உறுதி பூண்டு உழைத்துக்கொண்டிருந்த நாளில், சிற்றூர் மக்களின் திருமணப் பேச்சையும் விருந்துகளையும் கூறும் இந்நாவல் அவருக்கு வேண்டியிருந்தது. ஆரவாரமான பெருநடை தமக்கும் கைவரும் என்றும், அன்றாட வாழ்வின் எளிய நிகழ்ச்சிகளைச் சுவையுடையனவாக்கும் அந்த நுண்ணிய கைத்திறன் தமக்கு வாய்க்கவில்லை என்றும் அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அத்தகைய திறனுடையவர் இளமையிலேயே இறந்துபோனாரே என்று வருந்தவும் செய்தார்.

ஸ்காட்டு வியந்த அதே நாவலைப் படித்து, அதில் மூச்சுத் திணறிய வாசகர் ஒருவரும் இருந்தார். அவரும் ஒரு நாவலாசிரியரே. அவர் சார்லட் பிராண்டி அம்மையார்.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரில் உள்ள ஹாவொர்த் என்னும் மலைப்புறத்து ஊரில், திருச்சபைக் குரு ஒருவரின் மகளாக அவர் வளர்ந்தார். வீட்டின் முன்னே கல்லறைகள் நிறைந்த இடுகாடு. பின்னே புல்லும் புதரும் மண்டிக் காற்று ஓயாமல் வீசும் மேட்டுநிலம். தாயையும் மூத்த தமக்கையர் இருவரையும் இளமையிலேயே இழந்த சார்லட்டும், தங்கையர் எமிலியும் ஆனும், தம்பி பிரான்வெல்லும் அம்மேட்டுநிலத்தில் அலைந்து திரிந்தும் கதைகள் கட்டியும் வளர்ந்தனர். பின்னர்ச் சார்லட் செல்வர் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கும் பணியேற்று, ஊதியம் பெறும் ஏழைப் பெண்ணுக்கு அவ்வீடுகளில் என்ன மதிப்பு என்பதை நன்கு அறிந்தார்.

அவர் முதலில் எழுதிய நாவல் உள்ளதை உள்ளவாறே கூறும் அடக்கமான கதை. அதனை ஒருவர் பின் ஒருவராக ஆறு பதிப்பாளர்க்கு அனுப்பினார். திடுக்கிடும் நிகழ்ச்சி இல்லை, உள்ளத்தை உலுக்கும் வேகம் இல்லை என்று கூறி அனைவரும் அதனைத் திருப்பி அனுப்பினர். அதன் பிறகே, 1847ஆம் ஆண்டு அக்டோபரில், 'ஜேன் அயர்' வெளிவந்தது. ஆணோ பெண்ணோ என்று தெரியாத 'கரர் பெல்' என்னும் புனைபெயர் அதன் முகப்பில் இருந்தது. தாய் தந்தையரை இழந்த ஒரு பெண், அழகும் பொருளும் இல்லாதவள், ஒரு மாளிகையில் ஆசிரியையாக அமர்கிறாள். மாளிகைத் தலைவரும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். திருமண நாளன்று, அவருக்கு மனைவி ஒருத்தி உண்டு என்பதும், சித்தம் கலங்கிய அவள் அதே மாளிகையின் மேல்மாடியில் அடைக்கப்பட்டிருக்கிறாள் என்பதும் வெளிப்படுகின்றன. காதலும் மானமும் இருபுறமும் இழுக்க, அப்பெண் மானத்தின் பக்கம் நின்று, கையில் பொருளின்றி அம்மாளிகையை விட்டு வெளியேறுகிறாள்.

இந்நாவலின் படி ஒன்று தாக்கரே என்னும் பெரும் எழுத்தாளருக்கு அனுப்பப்பட்டது. அவர் அப்பொழுது தம் நாவலைத் திங்கள்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்டு வந்தார். அச்சகத்தார் அவருடைய கையெழுத்துப் படிக்காகக் காத்திருந்தனர். அந்நிலையில் 'ஜேன் அயர்' அவருடைய ஒரு நாள் முழுவதையும் விழுங்கிவிட்டது. காதற் பகுதிகளைப் படித்து அவர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, கணப்புக்கு நிலக்கரி கொண்டு வந்த வேலையாள் தம் முதலாளியைக் கண்டு திகைத்து நின்றான். இதனை மறைக்காமல் தாக்கரே பதிப்பகத்தாருக்குக் கடிதம் எழுதினார்.

எல்லாரும் அவ்வாறு படிக்கவில்லை. 1848ஆம் ஆண்டு டிசம்பரில் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' என்னும் இதழில் வந்த பெயரில்லாத் திறனாய்வு ஒன்று, இந்நாவல் சமயப் பண்புக்கு மாறானது என்று கண்டித்ததோடு அமையாது, இதனை எழுதியவர் ஒரு பெண்ணாயின் நல்ல பெண்களின் உறவை இழந்தவராகவே இருத்தல் வேண்டும் என்ற கருத்துப்படவும் எழுதியது. நாவலைப் பற்றிய சினம் எழுதியவரின் ஒழுக்கத்தின்மேல் பாய்ந்தது. படிப்பவரின் உரிமைக்கு இஃது எவ்வளவு புறம்பானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்னும் திறனாய்வாளர் நடந்துகொண்ட முறை வேறு. அவர் 'ஜேன் அயர்' நாவலை உளமாரப் பாராட்டினார். அதில் மிகையான நிகழ்ச்சிகள் உள்ளன என்று ஆசிரியருக்கே எழுதி எச்சரிக்கவும் செய்தார். 1847 டிசம்பரில் புதிய நாவல்களைப் பற்றி ஓர் இதழில் எழுதிய கட்டுரையில், ஸ்காட்டின் பெருங்கதைகள் எவற்றையும்விடச் 'செருக்கும் தப்பெண்ணமும்' போன்றதொரு நூலை எழுதியவராக இருப்பதையே தாம் விரும்புவதாகக் குறிப்பிட்டார். சார்லட் அதுவரை ஜேன் ஆஸ்டினின் அந்நாவலைப் பார்த்ததே இல்லை. லூயிஸின் அச்சொல்லைக் கண்டதும் நூலை வரவழைத்துப் படித்தார்.

அந்நாவலின் கதை வருமாறு: ஐந்து பெண்களைப் பெற்ற நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்று. இரண்டாம் மகள் எலிசபெத்து அறிவும் நகைச்சுவையும் உடையவள். நடன விருந்து ஒன்றில் டார்சி என்னும் செல்வர் தன்னைப் பற்றி இழிவாகச் சொன்னது அவள் காதில் விழுகிறது. அவர் செருக்குடையவர் என்று அவள் முடிவு கட்டிவிடுகிறாள். அம்முடிவில் பாதி மெய். பாதி அவளுடைய தப்பெண்ணம். இருவரும் தத்தம் குறையை உணர்ந்து ஒன்றுபடுவதே கதை. போரில்லை, புயலில்லை, மேல்மாடியில் அடைபட்ட இரகசியமும் இல்லை.

1848ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் சார்லட் லூயிசுக்கு எழுதிய கடிதம், ஒரு வாசகர் தம் உள்ளத்தைத் திறந்து காட்டியதற்குச் சிறந்த சான்று. இந்நாவலை இவ்வளவு விரும்புவது ஏன் என்று அவர் கேட்கிறார். தாம் கண்டது யாது என்பதையும் சொல்கிறார்: சாதாரணமான ஒரு முகத்தைத் தகட்டிலே பிழையின்றிப் பதித்த நிழற்படம், நன்கு வேலியடைத்து, பாத்தி கட்டி, மென்மலர்கள் வளர்த்த ஒரு தோட்டம். ஆனால் அங்கே பரந்த வெளி இல்லை. தூய காற்று இல்லை. நீல மலையும் ஓடும் சிற்றாறும் இல்லை. அந்தச் சீமான்களோடும் சீமாட்டிகளோடும் அவர்களுடைய அழகிய, அடைசலான வீடுகளில் குடியிருக்கத் தமக்கு விருப்பமில்லை என்று அவர் முடித்தார்.

இக்கருத்து ஹாவொர்த்து மேட்டுநிலத்தின் காற்றில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. அவர் குறிப்பிட்ட நீல மலையும் சிற்றாறும் அவருடைய வீட்டுக்குப் பின்புறத்தில் இருந்தவை.

அக்கடிதத்தில் சார்லட்டுக்குப் பெரியதோர் இக்கட்டு இருந்தது. லூயிஸ் கூறியது வெறும் சுவை பற்றிய செய்தியன்று. இனி நீர் இவ்வாறு எழுதும் என்ற அறிவுரை அதனுள் மறைந்திருந்தது. லூயிஸ் செல்வாக்குடையவர், சார்லட் ஒரு நாவலை மட்டுமே வெளியிட்ட புதியவர். தலையசைத்து விட்டிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். அவரோ அடக்கத்தோடும் உறுதியோடும் எழுதினார். மிகையைக் குறைத்து, நடையைச் செப்பம் செய்து, ஜேன் அம்மையாரின் அமைதியைப் பின்பற்ற முயல்வேன் என்று எண்ணுகிறேன். ஆயினும் அது கூடுமா என்பது உறுதியில்லை. எழுதுவோர் மிக நன்றாக எழுதும் வேளையில் ஏதோ ஓர் ஆற்றல் உள்ளே விழித்தெழுந்து, அவர்களைத் தன் வழியில் நடத்துகிறது. அதனை எதிர்க்க இயலுமா? இது சார்லட் எழுப்பிய வினா.

லூயிஸ் விடவில்லை. ஜேன் ஆஸ்டினிடம் கவிதை உள்ளம் இல்லை எனினும் அவர் மாபெரும் கலைஞர் என்று மறுமொழி வந்தது. கவிதை உள்ளம் இல்லாதவர் மாபெரும் கலைஞராதல் கூடுமோ என்று சார்லட் திருப்பிக் கேட்டார். இருவரும் உடன்படவில்லை. இருவரும் பகைக்கவுமில்லை.

சார்லட் கண்டது மெய். ஆனால் முழு மெய்யன்று. அந்தத் தோட்டத்தின் வேலிக்குள் அச்சம் ஒன்று உலவுவதை அவர் காணவில்லை. எலிசபெத்தின் தந்தைக்குப் பிறகு அவர்களுடைய வீடும் நிலமும் ஆண்வழி உறவினர் ஒருவருக்குச் சென்றுவிடும். ஐந்து பெண்களும் தங்க இடமின்றி நிற்பர். எலிசபெத்தின் தோழி, இருபத்தேழு வயதாகியும் மணமாகாதவள், மூடர் ஒருவரை அவர் மூடர் என்று தெரிந்தே மணக்கிறாள். தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்பதே காரணம். பொருளற்ற பெண்ணின் நிலையை வாழ்ந்து அறிந்த சார்லட்டின் கண்ணுக்கு இது படாமற் போனது வியப்பே. துன்பம் உரக்கக் குரல் எழுப்பி வந்தால் அவர் உடனே அறிந்துகொள்வார். சிரித்துக்கொண்டு வந்த துன்பத்தை அவர் அடையாளம் காணவில்லை.

அக்கடிதம் எழுதிய ஆண்டிலேயே அவர் வீட்டில் இடிமேல் இடி விழுந்தது. 1848 செப்டம்பரில் பிரான்வெல் இறந்தார். டிசம்பரில் எமிலி இறந்தார். 1849 மே மாதத்தில் ஆன் இறந்தார். ஏறத்தாழ எட்டுத் திங்களில் மூவர். முதிய தந்தையும் சார்லட்டுமே வீட்டில் எஞ்சினர். மாலை நேரங்களில் மேசையைச் சுற்றி நடந்துகொண்டே மூன்று சகோதரியரும் தாம் எழுதியவற்றைப் பேசி மகிழ்ந்த அறையில் இப்பொழுது ஒருவர் மட்டும் இருந்தார்.

அந்தத் தனிமையில், 1850ஆம் ஆண்டு ஏப்ரலில், அவர் ஜேன் ஆஸ்டினின் மற்றொரு நாவலாகிய 'எம்மா'வைப் படித்தார். ஒரு முறை பிடிக்காமற் போனவரின் நூலை மறுபடியும் எடுத்து இறுதிவரை படிப்பது அரிய செயல். பதிப்பகத்தைச் சேர்ந்த வில்லியம்ஸ் என்பாருக்கு எழுதிய கடிதத்தில் தம் கருத்தை வெளியிட்டார். இம்முறை நூலை ஆர்வத்தோடு படித்ததாகக் கூறினார். நாகரிக மக்களின் புறவாழ்வை நுண்ணிய சிற்றோவியம் போல் தீட்டும் வேலையை அவர் வியக்கத்தக்கவாறு செய்கிறார் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் உள்ளே குமுறும் உணர்ச்சிகள் அவருக்கு அறிமுகமே இல்லாதவை என்றார். காண்கின்ற கண்ணையும் பேசுகின்ற வாயையும் ஆராயும் அவர், மறைவாகத் துடிக்கும் நெஞ்சை ஆராய்வதில்லை என்றார். இது தவறான கொள்கை என்று உலகம் சொன்னாலும் தம்மால் மாற இயலாது என்றும் சேர்த்துக்கொண்டார். உடன்பிறந்தார் மூவரையும் மண்ணில் வைத்துவிட்டு வந்தவர் அக்கடிதத்தை எழுதினார் என்பதை நினைவிற்கொண்டால், துடிக்கும் நெஞ்சு என்ற சொல்லின் பொருள் நன்கு விளங்கும்.

அதன் பின் அவர் எழுதி 1853இல் வெளியிட்ட 'வில்லெட்' என்னும் நாவல் தனிமையின் வேதனையை அடியாழம் வரை கண்ட நூல். லூயிஸ் காட்டிய வழியில் அஃது அமையவில்லை.

1854ஆம் ஆண்டு ஜூனில் சார்லட் திருமணம் புரிந்துகொண்டார். அவ்வாண்டின் இறுதியில் ஒரு மாலைப் பொழுது, தாம் தொடங்கியிருந்த புதிய கதையின் சில பக்கங்களைக் கணவருக்குப் படித்துக் காட்டினார். அக்கதை ஒரு பெண்கள் பள்ளியில் தொடங்குகிறது. மீண்டும் பள்ளிக்கூடத்தையே கொண்டு வந்திருப்பதால், சொன்னதையே சொல்கிறாய் என்று திறனாய்வாளர் குறை கூறுவரே என்றார் கணவர். அதனை மாற்றிவிடுவேன் என்றும், தமக்கு மனநிறைவு உண்டாகும் வரை இரண்டு மூன்று முறை தொடங்கிப் பார்ப்பதே தம் வழக்கம் என்றும் சார்லட் விடை கூறினார். மாற்றுவதற்கு நாள் இல்லை. 1855 மார்ச்சு 31ஆம் நாள் அவர் காலமானார்.

முடிவு பெறாத அப்பக்கங்கள் 1860ஆம் ஆண்டு ஏப்ரலில் 'கார்ன்ஹில்' என்னும் திங்களிதழில் அச்சாயின. அவற்றுக்கு இடப்பட்டிருந்த தலைப்பு 'எம்மா'. இதழின் ஆசிரியராக இருந்து முன்னுரை எழுதியவர் தாக்கரே. பெயர் அறியாத ஒருவரின் நூல் பல ஆண்டுகளுக்கு முன் தம் கைக்கு வந்ததையும், தலைக்குமேல் வேலை கிடக்க அதனைக் கீழே வைக்க முடியாமல் படித்து முடித்ததையும் அவர் அம்முன்னுரையில் நினைவுகூர்ந்திருந்தார்.